அந்தக் குரலும் தமிழில்தான் பேசுகிறது

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். எனக்கு 38 வயது. யாங்கூனில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பிறந்தது பெகு பக்கம் ஒரு தமிழ்க் கிராமம். தாத்தாவுக்குச் சின்னதாக ஒரு கடை இருந்ததாம், 64இல் போய்விட்டது. அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். தடுக்கப் போனால் எனக்கும் விழும். கோயில் வகுப்பில் தமிழ் படித்து, 11 வயதில் ஒரு நோட்டில் கதை எழுதி வைத்திருந்தேன். அப்பா அதை எடுத்து எல்லார் முன்னாலும் கேலியாக வாசித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டார். "உனக்கெல்லாம் எழுத்து ஒரு கேடா?" என்றார். அவர் இறந்து 7 வருடம் ஆகிறது.

இரண்டு வருடமாக ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கிறேன். இப்போது தூக்கம் வருகிறது, முன்பு மாதிரி திடுக்கிடுவதில்லை. கரண்ட் போனால் மெஷின் ஓடாது, அந்த நேரத்தில் மறுபடி எழுத ஆரம்பித்தேன். ஒரு சிறுமி தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் நடந்து வருகிறாள். மில் சங்கு ஊதுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பா வந்துவிடுவார். அந்த இடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. "உனக்கெல்லாம் எழுத்து ஒரு கேடா" என்று காதில் கேட்கிறது. கிழித்துப் போட்டுவிடுகிறேன். இதுவரை ஒன்பது தடவை ஆகிவிட்டது. என் தமிழும் பர்மாத் தமிழ், இந்தியாவில் இருப்பவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். வீட்டுக்காரர் விழித்திருந்தால் ஒரு வரி ஓடாது. பெற்றவரைப் பற்றி இப்படி எழுதுவது பாவமில்லையா என்றும் இருக்கிறது. இன்னொரு பயமும் உண்டு: மனசு முழுசாக ஆறிவிட்டால் எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ? எனக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

– யாங்கூனிலிருந்து ஒரு சகோதரி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். திறமை இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களுக்கு உதவாது. 'இருக்கிறது' என்றால் மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் 'அந்த அக்காவுக்குக் கதையைப் பற்றி என்ன தெரியும்' என்று தோன்றும், அடுத்தவரிடம் கேட்கப் போவீர்கள். பாடுகிறவர், படம் வரைகிறவர், கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதுகிறவர் என்று பலர் இதே கேள்வியோடு என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சின்ன வயதில் வீட்டில் ஒரு தீர்ப்பு விழுந்திருக்கும். அதை மாற்றி எழுத ஒரு மேல்கோர்ட்டைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். நான் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தால், உங்கள் அப்பா உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில்தான் உட்காருகிறேன். நல்ல தீர்ப்பே சொன்னாலும் நாற்காலி அதேதான்.

கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மெஷினுக்கு வாருங்கள். ஒருவர் அளவு ரவிக்கையும் துணியும் கொண்டுவந்து கொடுக்கிறார். வெட்டித் தைத்துக் கொடுக்கிறீர்கள். போட்டுப் பார்த்துவிட்டு 'கை இறுக்குது' என்கிறார். அப்போது என்ன செய்வீர்கள்? 'எனக்கெல்லாம் தையல் ஒரு கேடா' என்று அந்தத் துணியை அடுப்பில் போடுவீர்களா? கக்கத்துப் பக்கம் தையலைப் பிரிப்பீர்கள். உள்ளே விட்டு வைத்த துணியில் கால் அங்குலம் விட்டு மறுபடி ஓட்டிக் கொடுப்பீர்கள். பிரிக்கும்போது எரிச்சல் வரும். வரட்டும். அந்த எரிச்சல் ரவிக்கையின் கையோடு நின்றுவிடுகிறது, 'நான்' என்கிற இடம்வரை ஏறுவதில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை தையலைப் பிரித்திருப்பீர்கள்? அதனால் நீங்கள் தையல்காரி இல்லை என்று ஆகிவிட்டதா?

எழுதும்போது வரும் சந்தேகத்தில் இரண்டு வகை ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. ஒரு வகை வரியைப் பற்றிப் பேசும். 'சங்கு ஊதுவதை இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டேனோ', 'இந்தப் பேச்சு சிறுமி பேசுவது மாதிரி இல்லையே' என்று இடத்தைக் காட்டும். அது 'கை இறுக்குது' என்று சொல்லும் வாடிக்கையாளர் மாதிரி. நல்ல சந்தேகம், கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வகை ஆளைப் பற்றிப் பேசும். எந்த வரி என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. முதல் தடவையும் அதே வாசகம், ஒன்பதாம் தடவையும் அதே வாசகம். தங்கச்சி, உங்கள் கதையை அது இன்னும் வாசிக்கவே இல்லை. 11 வயதில் எரிந்த நோட்டுக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அது வரும்போது சண்டை போட வேண்டாம். சொன்னது சொன்னபடியே தாளின் ஓரத்தில் சின்னதாக எழுதி வையுங்கள். பக்கத்தில் 'எந்த வரி?' என்று எழுதுங்கள். வரியைக் காட்டினால் திருத்துங்கள். காட்டாவிட்டால் ஓரத்திலேயே கிடக்கட்டும், நீங்கள் அடுத்த வரிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேட்கிறேன். கிழிக்காதீர்கள். அந்த நோட்டை அவர் எரித்தார். இப்போது அவர் இல்லாமலேயே அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அடி விழுவதற்கு முன்னாலேயே தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை செய்வதுதான் இது. யாரோ கேலியாக வாசிப்பதற்குள் நாமே அழித்துவிட்டால் வலி குறையும் என்று அந்த வயதில் உங்களுக்குத் தெரிந்துபோயிற்று. அன்றைக்கு அது சரியான கணக்கு. இன்றைக்கு உங்கள் வீட்டில் துணிப்பெட்டி இருக்கிறது, அதற்குப் பூட்டு இருக்கிறது. தனித்தாளில் எழுதாமல் கட்டிய நோட்டில் எழுதி, உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.

உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தப்பிக்க வழியில்லாமல் நீண்ட காலம் கொடுமைக்குள் இருந்தவர்களுக்கு வரும் சிக்கலான மனக்காயத்தை அதில் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். 'நான் எதற்கும் உதவாதவள், தோற்றுப்போனவள்' என்று விடாமல் நிற்கும் எண்ணமும், அதோடு ஒட்டிய வெட்கமும் குற்றவுணர்வும் அதன் அறிகுறிகளில் ஒன்று. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மருத்துவம் அந்த எண்ணத்தை எந்த வரிசையில் வைத்திருக்கிறது என்று பாருங்கள், அதற்காகத்தான் சொல்கிறேன். காய்ச்சலில் உடம்பு கொதிப்பதை வைத்து யாரும் 'நீ நெருப்பு' என்று சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தில் சொல்லாமல் விட்ட ஒன்று என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. அந்தக் குரல் எந்த மொழியில் பேசுகிறது? தமிழில். நீங்கள் எழுத ஆசைப்படும் மொழியும் தமிழ். நம் பிள்ளைகள் வளர்வதே அப்படித்தானே. பள்ளிக்கூடம் பர்மீஸ், சந்தை பர்மீஸ், சிநேகிதி பர்மீஸ், வீட்டு வாசலுக்கு உள்ளே மட்டும் தமிழ். தாலாட்டும் தமிழ், சாமி கும்பிட்டதும் தமிழ், வசவும் தமிழ். 2003இல் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துருக்கி மொழியில் வளர்ந்து பிறகு ஆங்கிலம் கற்றவர்களின் தோலில் கருவி பொருத்தி, சொற்களுக்கு உடம்பு எப்படி அதிர்கிறது என்று அளந்தார்கள். பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டும் வாக்கியங்கள் தாய்மொழியில் வந்தபோது உடம்பு கூடுதலாக அதிர்ந்தது. அதே மாதிரி அதட்டல் ஆங்கிலத்தில் வந்தபோது அதிர்வு குறைந்தது. நீங்கள் தமிழில் 'அப்பா' என்று எழுதும்போது அந்தச் சொல்லோடு சேர்ந்து இன்னும் என்னென்ன எழுந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே சங்கு ஊதும் அந்த ஒரு பக்கத்தை முதலில் பர்மீஸில் எழுதிப் பாருங்கள். 'அப்பா'வுக்குப் பதில் 'அப்பே' என்று எழுதும்போது கொஞ்சம் எட்ட நின்று பார்க்க முடியும். ஒரு வாரம் விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழுக்குக் கொண்டு வாருங்கள். தமிழை விட்டு ஓடச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சுற்றுவழியாக அதே வீட்டுக்குள் போகிறீர்கள், இந்தத் தடவை கதவைத் திறப்பது நீங்கள். சில சொற்கள் தமிழுக்கு வராமல் அடம் பிடிக்கும். அவை அப்படியே இருக்கட்டும்.

பர்மாத் தமிழ் என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு பகுதி கைத்தொழில் சார்ந்தது: ரகர றகரம், லகர ளகரம், சந்தி. உங்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த கோயில் வகுப்பு ஆசிரியரைப் போல ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் சரியாகிவிடும். மீதி வெட்கம். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆன பிறகு இந்த நாட்டில் தமிழ் பிழைத்தது கோயில் மண்டபங்களிலும் பாட்டிமார் வாயிலும்தான். அப்படிப் பிழைத்த தமிழில் எழுத நீங்கள் வெட்கப்படுகிறீர்கள் என்று வாசித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. முகத்தில் பூசும் தனகாக் கட்டை உரசும் கல்லின் ஈரத்தையும், விடிகாலை மொஹிங்கா என்ற மீன்குழம்பு கொதிக்கும் வாசனையையும் மதுரைக்காரர் தமிழில் சொல்ல முடியாது. நீங்கள் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் அச்சுக்கு எழுதிய பெரியவர் யாரையாவது தெரிந்தால் விசாரித்துப் பாருங்கள். முன்தணிக்கை 2012 ஆகஸ்டில் முழுதாக நீங்கும்வரை, பல பத்தாண்டுகளாக இங்கே எழுத்து முதலில் தணிக்கை அலுவலகத்துக்குத்தான் போகும். ஆகாத வரிகளின் மேல் மை பூசிய பத்திரிகைகளை நானே கையில் பிடித்திருக்கிறேன். அப்படிப் பழகிய கை, தணிக்கை இல்லாத இடத்திலும் 'இது போகாது' என்று வரியைத் தானே வெட்டும். உங்கள் வீட்டுத் தணிக்கைக்காரர் போய் ஏழு வருடம் ஆகிறது. கை இன்னும் பழைய பழக்கத்தில் இருக்கிறது. பழக்கம் என்பதால் மெதுவாகத்தான் போகும்.

சங்கு ஊதும் இடத்தில் கை நிற்பதற்கும் திறமைக்கும் சம்பந்தமே இல்லை. சங்கு ஊதினால் செய்துகொண்டிருந்ததை எல்லாம் நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டும் என்பதுதானே உங்கள் சின்ன வயதுப் பாடம்? படலைத் திறக்கும் சத்தத்திலேயே இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கண்டுபிடித்திருப்பீர்கள். உடம்பு அந்தப் பாடத்தை மறக்கவில்லை. ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992இல் மீள்வதை மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைத்துப் பார்த்துத் துக்கப்படுதல், பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்தல். நேர்கோட்டில் போகாது, முன்னும் பின்னுமாகத்தான் நகரும் என்றும் சொன்னார். தூக்கம் வந்துவிட்டது, திடுக்கிடல் குறைந்துவிட்டது என்கிறீர்கள். முதல் கட்டம் ஓரளவு உறுதியாகியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கதை எழுந்து வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலிருந்து தொடங்கி நேரே சங்குக்குள் போய் மோத வேண்டாம். ரவிக்கை தைக்கும்போது முன்பாகம், முதுகு, கை, பட்டி என்று தனித்தனியாக வெட்டி வைத்துத்தானே சேர்க்கிறீர்கள்? வரப்பை ஒரு நாள் எழுதுங்கள். குடத்தின் கனத்தை, அது இடுப்பில் உட்காரும் இடத்தை ஒரு நாள். மறுநாள் காலையை ஒரு நாள். சங்கு கடைசியில் வரட்டும்.

கொட்டித் தீர்த்தால் மனசு லேசாகும் என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். 1986இல் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் தன் ஆய்வில் கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை வருத்திய சம்பவங்களைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போனது. அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போவது மற்றவர்களைவிடக் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் சிறிதாகவே தெரிந்தது. எனக்கு அதில் பிடித்தது அந்த 15 நிமிட எல்லை. போனில் அலாரம் வையுங்கள். அடித்ததும் பாதி வரியில் இருந்தாலும் நிறுத்துங்கள். நேரே படுக்கப் போகாமல் முகம் கழுவி, துணி மடித்து, யாரோடாவது இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் படுங்கள். எழுதும்போது பழைய காட்சி கண்முன் நடப்பது போல வந்தாலோ, நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்பதே மறந்தாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்று ஒரு நொடி தோன்றினாலோ நோட்டை மூடிவிட்டு உங்கள் ஆலோசகருக்குச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கதையை எழுதுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இந்த வாரமே சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் விழித்திருந்தால் எழுத வராது என்கிறீர்கள். வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1958இல் ஓர் அழகான விஷயம் எழுதினார்: குழந்தை தனியாக இருக்கப் பழகுவது, பக்கத்தில் தாய் இருக்கும்போதுதான். தாய் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்காமல் அங்கே இருக்கிறாள், குழந்தை தன் விளையாட்டில் தன்னை மறக்கிறது. உங்களுக்கு அது கிடைக்கவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் ஆபத்து என்றுதான் கற்றீர்கள். உங்கள் கணவர் நல்லவராக இருந்தால், நான் அப்படித்தான் நம்புகிறேன், அவரிடம் சொல்லிப் பாருங்கள்: 'கால் மணி நேரம் நீங்க பாட்டுக்கு ஏதாவது செய்ஞ்சிட்டு இருங்க, என்ன எழுதுறேன்னு மட்டும் கேக்காதீங்க.' முதலில் கதை எழுத வேண்டாம். அவர் இருக்கும்போது வாடிக்கையாளர் கணக்கை எழுதுங்கள். பிறகு ஒரு நாள் கதையின் ஒரு வரி.

பாவமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பர்மியர்கள் புத்தர், தர்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்து வணங்குகிறார்கள். நம் வீட்டில் மாதா, பிதா, குரு, தெய்வம். இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு 'அப்பா அடித்தார்' என்று எழுதக் கை நடுங்காமல் என்ன செய்யும்? ஆனால் நடந்ததை நடந்தது என்று எழுதுவதில் எனக்குப் பாவம் தெரியவில்லை. எழுதுவது வேறு, அச்சில் கொடுப்பது வேறு. அம்மா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அச்சு பற்றி யோசிக்கும்போது அவரும் அந்த யோசனையில் இருக்க வேண்டும். அவருக்கும் அது சொந்தக் கதை. நோட்டில் எழுத யார் அனுமதியும் வேண்டாம்.

தாத்தாவின் கடையை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை ஆயின, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அடுத்த சில வருடங்களில் இந்திய வம்சாவளியினர் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். எங்கள் பெரியப்பா குடும்பமும் அதில் போனது. உங்கள் தாத்தா தங்கிவிட்டார். அப்பாவுக்கு அப்போது என்ன வயது? கடைக்காரர் வீட்டுப் பையன் மில்லில் மூட்டை தூக்கப் போன கதை அந்த ஒரு வரிக்குள் மடிந்து கிடக்கிறது. காரணம் தெரிவதால் அடித்தது நியாயம் ஆகிவிடாது. கடையை இழந்த எத்தனையோ பேர் பெண்டாட்டி பிள்ளைமேல் கை வைக்கவில்லை, எங்கள் தெருவிலேயே அப்படிப்பட்டவர்களைப் பார்த்து வளர்ந்தேன். கதையில் வரும் அப்பாவுக்கு ஒரு முகம் கிடைக்க அது உதவும், அவ்வளவுதான். மன்னித்துவிடு என்று உங்களை யாராவது அவசரப்படுத்தினால் காது கொடுக்காதீர்கள். நான் கேட்கவில்லை.

ஆறிவிட்டால் எழுத்து போய்விடுமா? உங்கள் கடிதமே பதில் சொல்கிறது. தூக்கமில்லாமல் திடுக்கிட்டுக்கொண்டிருந்த வருடங்களில் ஒரு வரியாவது எழுதினீர்களா? தூக்கம் வந்த பிறகுதானே நோட்டை எடுத்தீர்கள்?

இந்தக் கதையின் ஒரு பக்கத்தை, முடியாததாகவே இருக்கட்டும், எனக்கு அனுப்ப விரும்பினால் அனுப்புங்கள். தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். வாசகியாக ஒன்று மட்டும் கேட்டு வைக்கிறேன், கடிதத்தை மூடிய பிறகும் எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. சங்கு ஊதியதும் அந்தச் சிறுமி குடத்தை எங்கே இறக்கி வைத்தாள்?

அன்புடன்,
அக்கா